அலங்காரக் கலை: சும்மா அழகுக்கு மட்டுமா?

(நம் சங்கக் கூடத்தில் நடந்த மாலைச் சந்திப்பில் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர இயலாதவர்களுக்காக இங்கே வெளியிடுகிறோம்.)



நம் கீழ்த்தள வரவேற்புக் கூடத்தைப் புதுப்பிப்பது பற்றிச் சங்கத்துக்கு இரண்டு யோசனைகள் வந்திருப்பது உங்களுக்குத் தெரியும். ஒன்று, தரைக்கு ஆத்தங்குடி டைல்ஸ் போடுவது. இன்னொன்று, பழைய வீடு ஒன்றிலிருந்து வந்த இரண்டு தேக்குத் தூண்களை வாங்கி வாசலில் நிறுத்துவது. இரண்டையுமே 'அலங்காரக் கலை' என்ற ஒரே தலைப்பில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம், அதை எங்கே சொல்லலாம், எங்கே சொல்லும்போது கவனமாக இருக்க வேண்டும் என்று பேசச் சொன்னார்கள். அதனால்தான் இந்தப் பேச்சு.

இது கூடத்தைப் பற்றிய விஷயம் மட்டும் இல்லை. இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பலருக்குக் கானாடுகாத்தானிலோ கோட்டையூரிலோ தேவகோட்டையிலோ பூர்வீக வீட்டில் ஒரு பங்கு இருக்கிறது. அந்த வீட்டை வைத்துக்கொள்வதா, பிரித்து விற்பதா என்ற பேச்சு ஏதாவது ஒரு குடும்பத்தில் நடந்துகொண்டேதான் இருக்கிறது. அந்தப் பேச்சிலும் இதே சொல் வரும். 'அதெல்லாம் சும்மா அலங்காரத்துக்குத்தானே' என்று ஒருவர் சொல்வார். அந்த ஒரு வாக்கியத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

சொல் எங்கிருந்து வந்தது?

அலங்காரக் கலை என்பது ஆங்கிலத்தில் 'டெகரேட்டிவ் ஆர்ட்' என்பதற்கு நாம் வைத்துக்கொண்ட பெயர். அருங்காட்சியகங்களில் இதற்கு ஒரு தெளிவான பொருள் உண்டு. மரச்சாமான், பீங்கான், கண்ணாடி, துணி, நகை, உலோக வேலை, தரை ஓடு போன்ற புழங்கும் பொருள்களை அழகாகச் செய்யும் கலை அது. சுவரில் மாட்டும் ஓவியமும் பீடத்தில் நிற்கும் சிற்பமும் பொதுவாக இதில் சேராது. அவை 'ஃபைன் ஆர்ட்'. தமிழில் கவின் கலை அல்லது நுண்கலை என்கிறோம். டெல்லி தேசிய அருங்காட்சியகத்திலும் அலங்காரக் கலைக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது.

இந்தப் பிரிவினை உலகம் தோன்றிய நாளிலிருந்து இருந்ததில்லை. 1746-ல் பிரான்சில் ஷார்ல் பத்தோ என்பவர் கவின் கலைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். இன்பத்துக்காக மட்டும் இருக்கும் கலைகள் ஒரு பக்கம், தேவைக்காகச் செய்யப்படும் தொழில்கள் இன்னொரு பக்கம் என்று பிரித்துப் பார்க்கும் வழக்கம் அந்தக் காலத்தில்தான் ஐரோப்பாவில் உறுதிப்பட்டது. பிறகு இயந்திரங்கள் வந்தன. 1851-ல் லண்டனில் பெரிய பொருட்காட்சி நடந்தது. இந்தியாவிலிருந்து போன துணிகளையும் கைவேலைப் பொருள்களையும் அங்கே ஏராளமானோர் பார்த்தார்கள். அடுத்த ஆண்டே, 1852-ல், லண்டனில் உற்பத்திப் பொருள்களுக்கென்று ஓர் அருங்காட்சியகம் தொடங்கினார்கள். அதுதான் இன்று விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியம் என்ற பெயரில் அலங்காரக் கலைக்கு உலகப் புகழ் பெற்ற இடமாக இருக்கிறது.

1877-ல் வில்லியம் மாரிஸ் என்ற ஆங்கிலேயர் இதே தலைப்பில், அலங்காரக் கலைகள் என்று, ஓர் உரை நிகழ்த்தினார். அவர் கவிஞர், துணிகளுக்கும் சுவர்த்தாள்களுக்கும் வடிவம் போட்டவர், கைவினைஞர்களின் பக்கம் நின்றவர். அந்த உரை பிறகு புத்தகத்தில் வந்தபோது அதன் தலைப்பு 'சிறு கலைகள்' என்ற பொருளில் மாறியிருந்தது. ஆதரித்துப் பேசியவரின் உரைக்கே அந்தத் தலைப்புதான் நிலைத்தது என்றால், இந்தக் கலைகளை ஒரு படி கீழே வைக்கும் பழக்கம் அங்கே எவ்வளவு வேரூன்றியிருந்தது என்று பாருங்கள்.

நம் ஊரிலும் இந்த மாற்றத்தைப் பார்க்கலாம். 1850-ல் சென்னையில் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் ஒரு கலைப்பள்ளி தொடங்கினார். மண்பாண்டம், மரவேலை, உலோகவேலை போன்ற தொழில்கள் அதில் முக்கிய இடம் பெற்றிருந்தன. பின்னாளில் அது கலை, கைவினைப் பள்ளி ஆனது. இன்று அதன் பெயர் அரசு கவின் கலைக் கல்லூரி. ஒரே நிறுவனம் தொழிலில் தொடங்கி கைவினை வழியாகக் கவின் கலைக்கு வந்திருக்கிறது. பெயர் மாறும்போது எதற்கு மதிப்பு கூடியது என்பதும் தெரிகிறது.

தமிழில் அணி, அலங்காரம்

இப்போது நம் சொற்களுக்கு வருவோம். தமிழில் 'அணி' என்ற சொல்லுக்கு நகை என்று பொருள். வரிசை, ஒழுங்கு என்றும் பொருள். அணிவகுப்பு என்கிறோம், கிரிக்கெட் அணி என்கிறோம். எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என்று இலக்கணத்தை ஐந்தாகப் பிரித்தபோது அணிக்கும் ஓர் இடம் கொடுத்தார்கள். தண்டியலங்காரம் என்று அதற்கே ஒரு தனி நூல் இருக்கிறது. பாட்டு எழுதி முடித்த பிறகு மேலே தூவுகிற சர்க்கரையாக அணியை அவர்கள் நினைக்கவில்லை. இலக்கணத்தின் ஐந்தில் ஒன்றாகவே நினைத்தார்கள்.

'அலங்காரம்' வடசொல். 'அலம்' என்றால் போதும், நிறைவு. 'காரம்' என்றால் செய்தல். ஒரு பொருளை அதன் வேலைக்குப் போதுமானதாக, நிறைவானதாக ஆக்குவதுதான் அலங்காரம். இதை எடுத்துச் சொன்னவர்களில் முக்கியமானவர் ஆனந்த குமாரசாமி. கொழும்பில் 1877-ல் ஈழத்தமிழரான சர் முத்து குமாரசாமிக்கும் ஆங்கிலத் தாய்க்கும் பிறந்தவர். இலங்கையின் கைவினைகளைப் பற்றி அவர் 1908-ல் வெளியிட்ட நூலை, மாரிஸின் அச்சகத்தில் இருந்த அதே அச்சுப்பொறியைக் கொண்டு அச்சிட்டார். பிறகு அமெரிக்காவின் பாஸ்டன் நகர அருங்காட்சியகத்தில் பல ஆண்டுகள் பணியாற்றினார். 1939-ல் எழுதிய ஒரு கட்டுரையில், அலங்காரத்தைக் குறிக்கும் பழைய சொற்கள் பலவும் முதலில் தேவையான உபகரணம், நிறைவு என்ற பொருளில்தான் இருந்தன என்று காட்டினார். 'தேவைக்கு மேல் சேர்த்தது' என்ற பொருள் பின்னால் வந்தது.

இதை விளக்கக் கோயிலுக்குப் போனாலே போதும். சுவாமிக்குச் சாத்துவதைச் சந்தனக் காப்பு என்கிறோம், வெண்ணெய்க் காப்பு என்கிறோம். அலங்காரத்துக்குக் 'காப்பு' என்று பெயர் வைத்த மொழி இது. காரைக்குடியின் அம்மன் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். கொப்பு என்றால் காதில் அணியும் நகை. கொப்புடைய நாயகி என்று நகையை வைத்தே அம்மனுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த நகையைச் 'சும்மா அழகுக்கு' என்று இந்த ஊரில் யாராவது சொல்வார்களா?

எடுத்துவிட்டால் எது நின்றுபோகும்?

இப்போது ஒரு செட்டிநாட்டு வீட்டுக்குள் போவோம். ஒவ்வொரு பொருளையும் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்போம்: இதை எடுத்துவிட்டால் இந்த வீட்டில் எந்த வேலை நின்றுபோகும்?

முதலில் சுவர். சுண்ணாம்பை மணலோடு அரைத்துப் பல அடுக்குகளாகப் பூசி, கடைசி அடுக்குகளில் கடுக்காய்த் தண்ணீர், முட்டை வெள்ளைக்கரு, நன்றாக அரைத்த கிளிஞ்சல் சுண்ணாம்பு சேர்த்துக் கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். கை வைத்தால் வழுவழுவென்று இருக்கும். சிவகங்கை வெயிலில் சுவர் குளிர்ந்திருக்கும். அழுக்குப் பட்டால் ஈரத்துணியால் துடைத்துவிடலாம். பல வீடுகளில் இரண்டு மூன்று தலைமுறையாக வெள்ளை அடிக்காமலே நிற்கிறது. இந்தப் பளபளப்பு அலங்காரமா, பராமரிப்புச் செலவைக் குறைக்கும் தொழில்நுட்பமா? இரண்டையும் பிரிக்க முடியாது.

அடுத்தது தூண். பர்மாவில் வியாபாரம் நடந்த காலத்தில் கொண்டுவந்த தேக்கு. முகப்பிலும் வளவிலும் கூரையைத் தாங்கி நிற்கிறது. அதன் மேல் செதுக்கியிருக்கும் வேலைப்பாடு, பாரம் தாங்கும் மரத்தின் மேல் செய்தது. தூணை எடுத்தால் கூரை நிற்காது.

மூன்றாவது நிலைவாசல். மேலே கஜலட்சுமி, சுற்றிலும் பூவேலை, கொடி. புதுமணப் பெண் உள்ளே வருவதும், பெரியவர்கள் கடைசியாக வெளியே போவதும் அந்த வாசல் வழியாகத்தான். எது வெளி, எது உள் என்று சொல்லாமல் சொல்வது அந்த நிலை.

நான்காவது நடுவீட்டுக் கோலம். பச்சரிசி மாவைக் கரைத்து விரலால் போடுவது. கல்யாணத்துக்கும் பொங்கலுக்கும் அது இல்லாமல் காரியம் தொடங்காது. ஓலைக் கொட்டானும் அப்படித்தான். பனை ஓலையில் பின்னி, மேலே மணியும் நூலும் வைத்துத் தைத்த அந்தக் கொட்டான் சீர் கொடுக்கும் பாத்திரம். அது அருகிவந்த சமயத்தில் எம்.ஆர்.எம்.ஆர்.எம். பண்பாட்டு அறக்கட்டளை பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து மீட்டெடுத்தது. செட்டிநாட்டுக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. காரைக்குடி கண்டாங்கிச் சேலைக்கும் 2019-ல் கிடைத்தது.

ஐந்தாவது ஒரு வேடிக்கை. 1925-ல் பாரிஸில் நவீன அலங்காரக் கலைக்கென்று சர்வதேசப் பொருட்காட்சி நடந்தது. 'ஆர்ட் டெகோ' என்று இன்று சொல்கிற பாணியின் பெயர் அந்தப் பொருட்காட்சியிலிருந்துதான் வந்தது. அடுத்த பத்து இருபது ஆண்டுகளில் இங்கே கட்டிய வீடுகளின் முகப்பில் அந்தப் பாணியின் நேர்கோடுகளும் படிப்படியான விளிம்புகளும் வந்துவிட்டன. அதே முகப்பில் சுதையில் செய்த லட்சுமியும் இருப்பார். வெளியூர்ப் பாணி, இத்தாலி மார்பிள், பெல்ஜியம் கண்ணாடி எல்லாவற்றையும் நம்மவர்கள் வாங்கினார்கள். ஆனால் முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று வீட்டின் ஒழுங்கு மாறவில்லை. வாங்கியதை எங்கே வைத்தால் வேலை செய்யும் என்று தெரிந்து வைத்தார்கள்.

பிரிக்கும்போது என்ன ஆகிறது?

1942-ல் ஜப்பான் படை பர்மாவுக்குள் வந்ததோடு பலருடைய தொழில் முடங்கியது. அதற்குப் பிறகு இவ்வளவு பெரிய வீடுகளைப் பராமரிப்பது பல குடும்பங்களுக்குக் கஷ்டமாகிவிட்டது. பங்காளிகள் பெருகினார்கள், ஊர் ஊராகப் போனார்கள். ஓடு மாற்ற ஒருவர் சம்மதித்தால் இன்னொருவர் போனை எடுப்பதில்லை. கடைசியில் வீட்டைப் பிரிப்பது என்று முடிவாகிறது. அந்தக் குடும்பங்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஒழுகுகிற வீட்டின் பாரம் பங்கு வைத்திருப்பவருக்குத்தான் தெரியும். முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளையும் குறை சொல்லவில்லை. அவர்கள் வாங்காவிட்டால் பல சாமான்கள் விறகாகவே போயிருக்கும்.

ஆனால் பிரிக்கும்போது நடப்பதைக் கவனியுங்கள். நிலைக்கு ஒரு விலை, தூணுக்கு ஒரு விலை, கதவுக்கும் ஜன்னலுக்கும் ஒரு விலை. முட்டைச் சாந்துக்கு விலை இல்லை, ஏனென்றால் அதைப் பெயர்த்தால் தூளாகிவிடும். திண்ணைக்கு விலை இல்லை. முற்றத்து வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் விலை இல்லை. அவ்வளவு உழைப்பில் செய்த சுவர் லாரியில் மண்ணாகப் போகிறது. அதாவது, சந்தையில் அலங்காரக் கலை என்றால் பெயர்த்தெடுக்க முடிந்த பொருள் என்று மட்டுமே அர்த்தம். இந்தச் சொல்லில் எனக்கு இருக்கும் பயம் அதுதான். ஒரு பொருளை அலங்காரம் என்று சொன்ன உடனே, அதைக் கழற்றலாம் என்று மனசு ஒப்புக்கொள்கிறது.

யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் 2014-ல் செட்டிநாடு சேர்ந்தபோது, 'தமிழ் வணிகர்களின் கிராமத் தொகுதிகள்' என்ற பொருளில்தான் அதன் பெயர் பதிவானது. தூண்கள் என்றோ கதவுகள் என்றோ போடவில்லை. தெரு, ஊருணி, கோயில், வீடு எல்லாம் சேர்ந்துதான் மதிப்பு என்பது அதில் இருக்கிறது. முட்டுக்காடு தட்சிணசித்ராவில் ஒரு செட்டிநாட்டு வீட்டைக் கொண்டுபோய்த் திரும்ப நிறுத்தியிருக்கிறார்கள். வாய்ப்புக் கிடைத்தால் போய்ப் பாருங்கள். இடம் மாறினாலும் வீடு வீடாக இருக்கிறது, தூண் தூணாக வேலை செய்கிறது.

சட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைச்செல்வங்கள் சட்டத்தின்படி, 100 ஆண்டுகளுக்குக் குறையாத கைவினைப் பொருளும், ஒரு கட்டடத்திலிருந்து பெயர்த்தெடுத்த பொருளும் தொல்பொருள் என்ற வரையறைக்குள் வரும். அப்படிப்பட்டதைத் தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. அதை வியாபாரமாக விற்கிறவருக்கு உரிமம் வேண்டும். சிங்கப்பூரில் இருக்கும் மகன் வீட்டுக்குப் பூர்வீக நிலைக்கதவை அனுப்பலாம் என்று யோசிப்பவர்கள் இதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வயது சந்தேகமாக இருந்தால் இந்தியத் தொல்லியல் துறையிடம் காட்டி, தொல்பொருள் இல்லை என்று சான்றிதழ் வாங்க வழி இருக்கிறது.

நம் கூடமும் நம் வீடுகளும்

இனி நம் கட்டடத்துக்கு வருகிறேன். அதே கேள்வியை இங்கேயும் கேட்டுப் பார்க்கலாம்.

தரைக்கு ஆத்தங்குடி டைல்ஸ் போடும் யோசனையை நான் ஆதரிக்கிறேன். அது இன்றும் பக்கத்து ஊரில் கையால் செய்யப்படுகிறது. கண்ணாடித் தகட்டின் மேல் உலோக அச்சை வைத்து, வண்ணம் கலந்த சிமெண்ட் குழம்பை அறை அறையாக ஊற்றுவார்கள். அச்சை எடுத்துவிட்டு, மேலே உலர்ந்த சிமெண்ட் மணல் கலவையைத் தூவி, பிறகு ஈரக் கலவையை வைத்து அழுத்துவார்கள். காய்ந்த பிறகு சில நாள் தண்ணீரில் ஊறவைப்பார்கள். சூளையில் சுடுவதே இல்லை. கண்ணாடியில் படிந்த பக்கம்தான் நமக்குப் பளபளக்கும் மேல்பக்கம். நாம் ஓர் ஆர்டர் கொடுத்தால் அது தரையில் உட்கார்ந்து வேலை செய்யும் ஒரு மனிதரின் கைக்கு நேராகப் போகிறது.

வாங்கும்போது கவனம் வேண்டும். 'ஆத்தங்குடி டிசைன்' என்று மிஷினில் அச்சடித்த செராமிக் டைல்ஸும் கடையில் கிடைக்கிறது. உடைந்த துண்டு ஒன்றைக் கேட்டு ஓரத்தைப் பாருங்கள். கையால் செய்ததில் வண்ணம் ஓர் அடுக்காக உள்ளே இறங்கியிருக்கும், அச்சடித்ததில் மேல் தோலாக மட்டும் இருக்கும். கையால் செய்ததில் ஒன்றுக்கொன்று சிறு வித்தியாசம் இருக்கும், அது குறையில்லை. போட்ட பிறகு ஆசிட் ஊற்றிக் கழுவக் கூடாது. இது சிமெண்ட், ஆசிட் அரித்துவிடும். வெறும் தண்ணீரில் துடைத்தால் போதும், நடக்க நடக்க மெருகு ஏறும். வீட்டு வேலைக்கு வருபவர்களிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.

தூண் யோசனையில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. கான்கிரீட் கூரைக்குக் கீழே அந்தத் தூண் எதையும் தாங்கப் போவதில்லை. அது கேட்பதும் பெரிய தொகை. ஆனாலும் பெரும்பான்மை வேண்டுமென்றால் நான் தடுக்க மாட்டேன், இரண்டு நிபந்தனை மட்டும் வைக்கிறேன். எந்த ஊர், எந்தக் காலத்து வீட்டிலிருந்து வந்தது என்று விற்பவர் எழுதிக் கொடுக்க வேண்டும். அதை நாம் தூணுக்குப் பக்கத்தில் ஒரு பலகையில் எழுதி வைக்க வேண்டும். ஊர்ப்பெயர் தெரியாத தூணை நம் பிள்ளைகள் கல்யாண மண்டப செட்டிங் என்றுதான் நினைப்பார்கள்.

பூர்வீக வீட்டில் பங்கு உள்ளவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விற்பதா வேண்டாமா என்று நான் சொல்ல முடியாது, அது உங்கள் குடும்ப விஷயம். ஆனால் விலை பேச ஆள் வருவதற்கு முன்னால் ஒரு நாள் ஒதுக்குங்கள். வீட்டை முகப்பிலிருந்து கடைசிக் கட்டு வரை போட்டோ எடுங்கள். ஒரு தாளில் திட்டப்படம் போட்டு அளவு எழுதுங்கள். வீட்டில் மூத்த ஆச்சியோ ஐயாவோ இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து, இந்தத் தூணடியில் யார் உட்காருவார்கள், இந்த அறை யாருக்கு, இந்த நிலையில் என்றைக்கு மாவிலை கட்டுவோம் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளைப் பங்காளிகள் எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். சும்மா அலங்காரம் என்று நினைத்தவர்கள், அந்தப் பட்டியலைப் பார்த்த பிறகு பேசும் பேச்சு வேறு மாதிரி இருக்கலாம். வீடு நிற்காமலே போனாலும், அது எப்படி வேலை செய்தது என்பதாவது உங்கள் பிள்ளைகளிடம் இருக்கும்.

ஆகவே, அலங்காரக் கலை என்ற சொல்லைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். அருங்காட்சியகத்தில் அது நல்ல பெயர். ஆத்தங்குடித் தொழிலாளியையும் கொட்டான் பின்னும் பெண்களையும் கலைஞர் என்று அழைக்க அது உதவுகிறது என்றால் நல்லதுதான். 'சும்மா' என்ற சொல்லை மட்டும் அதற்கு முன்னால் சேர்க்க வேண்டாம். கூடத்துத் தரை பற்றிய மாதிரி டைல்ஸ் மூன்று, சங்க அலுவலக மேஜையில் இருக்கிறது. பொதுக்குழுவுக்கு முன்னால் எல்லோரும் ஒரு முறை கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வாருங்கள்.